ஒன்றரை மீட்டர்

சர்ஜிமானுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் பத்தொன்பது வருஷம் வுலுங் ஆற்றுத் தடுப்பணையிலேயே கழிந்தது. மலையில் மழை கொட்டினால் சாம்பலும் கல்லும் கலந்த வெள்ளம் அரை மணி நேரத்தில் கீழே வந்து சேர்ந்துவிடும். அணைக்குக் கீழே மணல் அள்ளுகிறவர்களுக்கு அதை முன்கூட்டிச் சொல்ல இருந்தது ஒரே ஒரு பெட்டிதான். அணைமேல் உள்ள நடைபாலத்தின் அடியில் ஓர் உணரி தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும். பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைப் பதிந்து நகரத்து அலுவலகத்துக்கு அனுப்பும். இரண்டு மீட்டர் இருபதைத் தாண்டினால் சைரனை அலற விடும். அந்தப் பெட்டிக்குக் காவல்காரர், வைத்தியர், எடுபிடி எல்லாமே சர்ஜிமான்தான்.

பெரிய படிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு முறம் இருந்தது. மூங்கில் முறத்தில் பிஸ்கட் டின் தகட்டை அறைந்து, நீளமான கழியில் கட்டி வைத்திருந்தார். பெட்டியில் எதைத் தொட்டாலும், கடைசியில் அந்த முறத்தை உணரிக்குக் கீழே நீட்டி மெல்ல மேலே தூக்குவார். முறத்தைத் தண்ணீரென்று உணரி நம்பும். எண் ஏறும், சைரன் அலறும். அலறினால்தான் பெட்டியைப் பூட்டுவார். அலுவலகத்து இன்ஜினியர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருத்தரும் மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

மணல்காரர்களுக்கோ அந்த முறத்தைக் கண்டாலே ஆகாது. சைரன் கேட்டால் சோதனையோ நிஜமோ, எல்லாரும் கரையேறியாக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஏறி, தலை எண்ணி, மறுபடி இறங்குவதற்குள் அரை மணி போய்விடும். லாரிக்காரன் அதுவரை நிற்க மாட்டான், அடுத்த துறைக்குப் போய்விடுவான்.

ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. எல்லா ஆற்றுப் பெட்டிகளுக்கும் ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் ஓடும் மூல மென்பொருளை, மாத முடிவுக்குள் புதுப்பிக்க வேண்டும். நகரத்திலிருந்து இணையம் வழியாக அனுப்பினார்கள். வுலுங்கில் என்றைக்கு சிக்னல் நின்று பேசியிருக்கிறது? பாதியில் அறுந்தது. பெட்டி சிவப்பு விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது.

“முழுசா அழிச்சிட்டு கேபிள் போட்டு புதுசா ஏத்திடுங்க, பாக்,” என்றாள் ரெட்னோ, அலுவலகத்து இளம் இன்ஜினியர், போனில். “பழைய செட்டிங் எல்லாம் போயிடும். நோட்டுல எழுதி வச்சிருக்கீங்கல்ல?” ஆணை ‘பாக்’ என்றும் பெண்ணை ‘ஈபு’ என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அங்கே வழக்கம்.

“நோட்டு இருக்கும்மா. பத்தொம்பது வருஷ நோட்டு.”

மறுநாள் காலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தில் உட்கார்ந்தார். அழித்தார், ஏற்றினார். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாக அடித்தார். நிலைய எண், நேரம், பாலத்தின் உயரம் மூன்று மீட்டர், சைரனுக்கு இரண்டு இருபது. ஒன்றும் விடவில்லை. நோட்டில் இல்லாத ஒன்றுதான் விட்டுப்போனது.

உணரி அளப்பது தனக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள தூரத்தை. பாலத்தின் மூன்று மீட்டரிலிருந்து அதைக் கழித்தால்தான் ஆழம் வரும். பழைய மென்பொருள் அந்தக் கழித்தலைக் கேட்காமலே செய்துவந்தது. புதியதில் அதற்கென்று ஒரு கட்டம் வைத்து, டிக் போடச் சொல்லியிருந்தார்கள். அதுவும் மூன்றாம் பக்கத்தின் அடியில். அவர் போடவில்லை. திரையில் 1.50 என்று வந்தது. தூணில் பெயின்ட் அடித்த அளவுகோலைக் குனிந்து பார்த்தார். அங்கேயும் ஒன்றரை மீட்டர். மூன்று மீட்டரில் அன்றைக்குத் தண்ணீர் சரிபாதியில் நின்றது. தூரமும் ஒன்றரை, ஆழமும் ஒன்றரை. விதி என்று சொல்லிக் கையைக் கழுவிவிடலாம், ஆனால் முறம் பக்கத்திலேயே இருந்தது.

கழியை அவர் எடுத்ததுமே கீழேயிருந்து வாகினெம் குரல் கொடுத்தாள். அவளும் புருஷன் லெஜாரும் இடுப்பளவு தண்ணீரில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“பாக், இன்னைக்கு அந்த முறத்தத் தூக்காதீங்க. மேல ரெண்டு லாரி நிக்குது.”

“தூக்காம நான் பூட்டினதே இல்லையே, ஈபு.”

“நம்பர் சரியா வருதுல்ல?”

“வருது.”

“அப்புறம் என்ன? ஒரு நாளைக்கு அந்தப் பெட்டி வாய மூடிக்கிட்டு இருந்தா குறைஞ்சா போயிடும்?”

“இவ வாய மூடறதவிட சைரன மூடறது சுலபம், பாக்,” என்றான் லெஜார். “விட்டுடுங்க.”

ஆற்றில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சர்ஜிமானும் சிரித்தார். முறத்தைக் கம்பியில் சாய்த்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினார்.

ஆறாம் நாள் மதியம். ஆற்றில் நல்ல வெயில், மலை மட்டும் கறுத்திருந்தது. சைரன் கத்தவில்லை, அதனால் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊருக்குள் தன் காவல் அறையில் சர்ஜிமான் போனில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1.50. பிறகு 1.31. பிறகு 1.04. மேலே யாரோ வயலுக்கு மடை திறந்திருக்கிறார்கள், தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்தார். காப்பியைக்கூட ஆற்றிக் குடித்தார். 0.70 வந்தபோதுதான், இந்தத் தேக்கம் கோடையில்கூட இவ்வளவு வற்றியதில்லையே என்று உறைத்தது. அணைக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் வெள்ளம் அணையைத் தாண்டியிருந்தது.

பக்கத்து ஊர் அண்ணன் தம்பி இரண்டு பேர், லெஜார், ஆக மூன்று உயிர். வாகினெம் கூடையோடு கரையேறியிருந்ததால் பிழைத்தாள். லெஜாரை மூன்றாம் நாள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கண்டெடுத்தார்கள்.

“கருவிக் கோளாறுன்னு எழுதிடுங்க, பாக். உங்களுக்கும் நல்லது, ஆபீசுக்கும் நல்லது,” என்றார் மேலதிகாரி. சர்ஜிமான், “சோதனை செய்யாமல் பூட்டினேன். தவறு என்னுடையது,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் செய்யவில்லை என்பதை எழுதவில்லை.

லெஜாரின் ஏழாம் நாள் சடங்குக்குப் போனார். வந்தவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்து அனுப்பிய பிறகு, வாகினெம் அவரைச் சமையற்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னைக்கு முறத்தத் தூக்கிருந்தா தெரிஞ்சிருக்குமா? நான்தானே வேணாம்னேன்.”

“தெரிஞ்சிருக்காது, ஈபு. இது உள்ளுக்குள்ள வேற கோளாறு. முறத்துக்கெல்லாம் பிடிபடாது.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

அந்தப் பெட்டியைப் பற்றி வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டதைப் பார்த்தபோது, சொன்னது நல்லதுதான் என்று தோன்றியது.

அடுத்த மாதம் ரெட்னோ நேரில் வந்தாள். ஊர் நம்பிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமென்று மணல்காரர்களையெல்லாம் பாலத்துக்கு வரவழைத்தாள். கட்டத்தில் டிக் போட்டுவிட்டு சர்ஜிமானை முறத்தைத் தூக்கச் சொன்னாள். எண் ஏறியது, சைரன் அலறியது. ஜனம் தலையாட்டியது.

“இப்ப அன்னைக்கு இருந்த மாதிரியே வைக்கறேன்,” என்று டிக்கை எடுத்தாள். “தூக்குங்க, பாக்.”

சர்ஜிமான் தயங்கினார். வாகினெம் முன்வரிசையில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தூக்குங்க,” என்றாள் ரெட்னோ மறுபடி.

தூக்கினார். முறம் மேலே போகப் போக எண் இறங்கியது. சைரன் வாயைத் திறக்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றாள் ரெட்னோ கூட்டத்தைப் பார்த்து. யாரையும் நோகடிக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. “இத ஒரே ஒரு தடவ தூக்கிப் பாத்திருந்தா போதும். ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.”

வாகினெம் கூடையைக் கீழே வைத்தாள். ரெட்னோவைப் பார்க்கவில்லை. சர்ஜிமானைத்தான் பார்த்தாள்.

“ஒரு நிமிஷமா, பாக்?”

அவரால் முறத்தை இறக்க முடியவில்லை. பெட்டி 0.40 என்று பதிந்துகொண்டிருந்தது.