காலையில் கத்திய கார்

காரைக் கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்த்தது. சாவியைத் திருப்பின உடனே கீச்சென்று அப்படி ஒரு கத்தல். கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானாகவே அடங்கும். எதிர்வீட்டு அம்மா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "ஏனுங்கக்கா, காருக்கு என்னங்க ஆச்சு?" என்றாள். "ஏனுங்க, உங்க கோலம் கலைஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு விருட்டென்று உள்ளே வந்துவிட்டேன். அப்போதெல்லாம் யார் வாயைத் திறந்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கோபம் காருக்காக இல்லை. எங்க ஊட்டுக்காரருக்கு மறதி ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் உக்கடத்தில் என்னை இறக்கிவிட்டு, "நீ துணி வாங்கிட்டு நில்லு, வாரேன்" என்று போன மனுசன், என்னைக் கூப்பிடாமலே காரமடை வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், டிவி பார்த்துக்கொண்டு, "எங்க போயிட்ட?" என்கிறார்.

அதை மகளிடம் சொன்னது என் தப்பு. சென்னையிலிருந்து தினமும் போன். "அம்மா, அப்பாவ நரம்பு டாக்டர்கிட்டக் காட்டிரலாம்." "வயசானா மறக்காதா? உனக்கு மறக்கறதில்லையா?" என்று நான் கத்துவேன். அவள் சொன்னது நிஜமாக இருந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் அத்தனை கத்தலும்.

இவர் பம்புசெட்டு ரிப்பேர் பட்டறை வைத்திருந்தவர். தோட்டத்துக்காரர்கள் ஓடுகிற மோட்டார் பக்கத்தில் போனைப் பிடித்தால், இவர் இங்கே சோறு பிசைந்துகொண்டே "பேரிங் போச்சுங்க" என்பார். அப்படியே இருக்கும். ஆயுத பூசைக்கு மிஷினுக்கெல்லாம் எண்ணெய் தடவித் துடைப்போம். அன்றைக்கு பெல்ட்டுப் பக்கம் யாராவது எண்ணெய்த் துணியைக் கொண்டுபோனால் போதும், ருத்ர தாண்டவம்தான். "பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. வழுக்கும், கத்தும், கடைசில அந்து போயிரும்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அதனால்தான் மகளிடம் சவால் விட்டேன். "கார் சத்தத்த உங்கப்பாவே கண்டுபுடிப்பாரு பாரு. புடிச்சுட்டாருன்னா நீ டாக்டர் பேச்சையே எடுக்கக் கூடாது." அவளும் சரியென்றாள்.

ஆனால் இவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்று மூடினார். மறுநாளும் அதே. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொன்னேன். பட்டறை நாளிலிருந்து பழக்கமான ஆள். "ஃபேன் பெல்ட்டு தேஞ்சுபோச்சுங்க்கா" என்று புதுசு மாட்டிவிட்டுப் போனார். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, முன்னைவிட மோசமாகக் கத்த ஆரம்பித்தது. மெக்கானிக் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் பூப்பறிக்க வெளியே வந்தேன். பானெட் திறந்திருந்தது. இவர் கையில் குளியலறைத் தேங்காய் எண்ணெய் பாட்டில். துணியில் ஊற்றி ஊற்றி, பேத்திக்குத் தலை தேய்த்துவிடுகிற மாதிரி, பெல்ட்டில் பக்குவமாகத் தடவிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஏன் இப்படிச் சீக்கிரம் தீருகிறது என்று அந்த வாரம் முழுக்க வேலைக்காரியைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், பாவம்.

"என்னங்க பண்றீங்க?"

"கத்துதில்ல? எண்ணெய் விட்டாச் சரியாப்போயிரும்" என்றார் சாவகாசமாக.

வேறு யாராவது செய்திருந்தால் விவரம் கெட்டதுகள் என்று விட்டிருப்பேன். பெல்ட்டுக்கு எண்ணெய் விடுவது இவரா? பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்படியில் நின்று அழுதேன்.

சாப்பிட்ட பிறகு கோயிலுக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினார். கீச்! சட்டென்று அணைத்தார். இறங்கிப் பானெட்டைத் திறந்து, பெல்ட்டை விரலால் தடவி, மூக்கில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அந்தப் பழைய முகம். பட்டறை முகம்.

"எந்தக் கூறுகெட்டது பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டது? தேங்கா எண்ணெய்! இது கத்தாம என்ன பண்ணும்?"

என்னைப் பார்த்தார். நிஜமாகவே கேட்டார். நடிப்பில்லை, சமாளிப்பில்லை. காலையில் செய்தது துளிகூட நினைவில் இல்லை.

"நாந்தானுங்க. கத்துதேன்னு விட்டுப்போட்டேன்."

"அறிவிருக்குதா உனக்கு? இத்தன வருசம் எங்கூடக் குடும்பம் நடத்தி இதுதான் கத்துக்கிட்டியா?" அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். வேறொரு நாளாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு, இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றுதான் நின்றேன். அத்தனையும் சரியாகத்தானே சொன்னார்.

மெக்கானிக் வந்து, பெல்ட் ஓடுகிற சக்கரங்களைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, வேறு பெல்ட் மாட்டினார். "உங்கக்கா பண்ணுன வேலையப் பாத்தியா?" என்று இவர் சொல்ல, "எண்ணெய் வெச்சவங்க ரெண்டு மொழம் பூவும் வெச்சிருக்கலாமுங்க்கா" என்று அவர் கிண்டலடித்தார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கார் சத்தமில்லாமல் கிளம்பியது.

"பாத்தியா, மோந்து பாத்தே புடிச்சுட்டேன். உம்பொண்ணுகிட்டச் சொல்லு" என்றபடி கைகழுவப் போனார். காலையில் போட்டிருந்த சட்டை துவைக்கக் கிடந்தது. சட்டைக் கை முழுக்கத் தேங்காய் எண்ணெய். அதைச் சோப்பில் ஊறவைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, அப்பா கண்டுபுடிச்சாரா?"

"கண்டுபுடிச்சுட்டாரு கண்ணு" என்றேன். "டாக்டர்கிட்ட என்னைக்கு வரலாம்னு கேளு."