மார்பளவு ஆற்றில் நின்றவர்கள்

என் மேசையில் ஏழு போர்வீரர்கள் நிற்கிறார்கள். ஏழு பேருக்கும் மார்புக்குக் கீழே உடம்பு இல்லை. தவறிக் கீழே விழுந்து உடைந்தவர்கள் அல்ல, வேண்டுமென்றே அறுக்கப்பட்டவர்கள். விரல் அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் பொம்மைகளை அறுவைக் கத்தியால் மார்போடு வெட்டி, ஒரு பலகைத் துண்டில் ஒட்டி, சுற்றிலும் சாம்பலும் வெள்ளையுமாகப் பெயின்ட் பூசியிருக்கிறது. அந்தப் பூச்சுதான் ஆறு. உறைந்துகொண்டிருக்கும் ஆறு. வீரர்கள் தோளில் மரக்கட்டைகளைத் தாங்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க வெளையாடி ஒடைச்சிட்டாங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். முழுக் கதையையும் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

செய்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, அட்டை கடித்த காலைக் கழுவிவிடுவது எல்லாம் அவர்தான் என்பதால் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரையா. நான் அங்கே பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். பெண்கள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் நடக்கத் தொடங்கிய சின்னதுகளையும் என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள். வேலை முடிந்து வரும்வரை அந்தப் பிள்ளைகள் என் பொறுப்பு. பூனாகலைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் உள்ள மலைகளில் ஒன்றில் இருக்கிறது எங்கள் தோட்டம். பெயர் வேண்டாம். மருந்துக்கூடமும் பிள்ளைக்காம்பராவும் ஒரே கட்டடத்தின் இரண்டு பக்கங்கள், நடுவில் ஒரு சுவர். அதனால் அவரும் நானும் ஏழு வருடம் ஒரே கேத்தலில் தேநீர் குடித்தோம்.

அவர் பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மனிதருக்கு இருந்த ஒரே கிறுக்கு நெப்போலியன் காலத்துப் படைகளும் அவற்றின் சீருடைகளும். கொழும்பில் யாரையோ பிடித்து, பெட்டி பெட்டியாகப் பொம்மை வீரர்களை வரவழைப்பார். பொம்மைகள் சாயம் இல்லாமல் வெறும் சாம்பல் நிறத்தில் வரும். பூச வேண்டியது இவர் வேலை. சிவப்புக்குப் பண்டாரவளை ஃபேன்சிக் கடையில் வாங்கிய நகப்பூச்சு, ஊதாவுக்குப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து. தீக்குச்சியைச் சீவி, அதன் முனையால் பொத்தான் வைப்பார். வீட்டில் இவற்றுக்கு இடம் கிடையாது. உருவங்கள் இருக்கிற வீட்டில் தொழுகை சரிவராது என்று அவருடைய உம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், மருந்துக்கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில், பஞ்சுச் சுருள்களுக்குப் பின்னால், ஒரு பட்டாளமே ஒளிந்திருந்தது.

தேநீர் நேரத்தில் எங்களுக்கு எப்போதும் இதே சண்டைதான்: எந்தப் படை சிறந்த படை? எனக்குப் பிடித்தவர்கள் ஹுஸ்ஸார் குதிரைவீரர்கள். மார்பு முழுக்கப் பின்னல் சரிகை வைத்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு, ரோமம் வைத்த இன்னொரு கோட்டை இடது தோளில் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். "போடவும் இல்ல, வச்சிட்டும் வரல. என்னா திமிரு பாருங்க டாக்டரையா!" என்பேன். அதற்கடுத்து போலந்து ஈட்டிக்காரர்கள். நீலக் கோட்டில் கருஞ்சிவப்பு மார்புத் துணி, தலையில் சதுரத் தட்டைக் கவிழ்த்தது போன்ற தொப்பி. ஆங்கிலேயரின் கரும்பச்சைத் துப்பாக்கிப் படையைக் காட்டியபோது, இவர்களைத் தேயிலை மலையில் விட்டால் கங்காணியால்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்றேன். தலைப்பாகையும் தொளதொள காற்சட்டையுமாக இருந்த மம்லூக் குதிரைப்படையைக் காட்டி, "இதுதானே உங்க ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த ஆங்கிலேயச் சிவப்புக் கோட்டுக்காரர்கள் இதே காலத்தில்தானே நம்முடைய ஊவா மாகாணத்துக்கும் வந்து ஊர்களைக் கொளுத்தினார்கள், வயல்களை அழித்தார்கள்? அவர்களுக்கு உட்கார்ந்து நகப்பூச்சு பூசுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றேன். அவர் கையிலிருந்த தீக்குச்சியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நான் செல்றத கொஞ்சம் கேளுங்க. சண்ட யாருக்கு வேணும்? எங்கட வாப்பா துணிக்கடக்காரர். நான் பாக்கிறது துணிய மட்டுந்தான். அந்தத் துணிக்குள்ள ஈந்த ஆள்கள்ள எனக்குப் புடிச்சவங்க ஒரே ஒரு கூட்டம்தான்."

அன்றுதான் இந்த ஏழு பேரையும் வெளியே எடுத்துக் காட்டினார். நெப்போலியனின் படையில் பாலம் கட்டும் பிரிவு. கருநீலக் கோட்டு, கொஞ்சம் சிவப்பு ஓரம், அவ்வளவுதான். சரிகையும் கிடையாது, இறகும் கிடையாது. ருஷ்யாவிலிருந்து தோற்றுத் திரும்பும்போது, பாரத்தைக் குறைக்கப் பாலச் சாமான்களையெல்லாம் எரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்ததாம். இவர்களுடைய தளபதி மட்டும் ஆணிகளையும் கொல்லன் உலைகளையும் சில வண்டிகளில் காப்பாற்றி வைத்திருந்தார். அந்த ஆணிகளை வைத்து, பக்கத்துக் கிராமத்து வீடுகளைப் பிரித்த மரத்தில், பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் மார்பளவு தண்ணீரில் நின்று பாலம் போட்டார்கள். நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைக்கவில்லை.

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அடுத்த பகுதிக்கு வந்தபோதுதான் எழுந்து நடக்கத் தொடங்கினார். பாலம் போட்டாயிற்று. படை தாண்டிவிட்டது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோர் அக்கரைக்குப் போகாமல், நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாலம் வெறிச்சென்று கிடந்தது. தளபதி ஆளனுப்பி, போங்கள் போங்கள் என்று கெஞ்சினார். காலையில் போகலாம் என்றார்கள். காலையில் எதிரி வந்துவிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் பாலத்துக்கு ஓடினார்கள். பாலத்தை எரிக்க வேண்டியதாயிற்று.

"அவங்க பாலம் கட்டினதுக்காக எனக்குப் புடிக்கல்ல டீச்சர். கட்டிட்டு, யாருமே வராம, அந்தக் குளிர்ல பாத்துட்டே நின்டாங்களே, அதுக்குத்தான்."

நான் கொட்டாவி விட்டேன் என்று நினைக்கிறேன். எனக்கு ஹுஸ்ஸார்தான் பெரிதாகப்பட்டது.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் தலைமுடி அளவு. பிறகு பத்துச் சதக் குற்றிக் காசு நுழையும் அளவு. மேலே தேயிலை மலை, அதற்கும் மேலே பாறை. டாக்டரையா அந்த வெடிப்பின் குறுக்கே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக ஒட்டினார். சுவர் அசைந்தால் பிளாஸ்டர் கிழியும். தினமும் காலையில் வந்ததும் போய்ப் பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார், தேநீர்க் கோப்பையோடு நின்று பார்ப்பார். காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் போல அலைந்தார். சுவருக்கும் காய்ச்சல் பார்க்கிறீர்களா என்று நான் கேலி செய்தேன். மழைக்கு இடம்பெயரச் சொல்வதும், நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவதும், இரண்டு நாளில் திரும்பி வருவதும் எங்கள் பக்கத்தில் வருடா வருடம் நடக்கிறதுதான். போய்ப்போய்ப் பழகிய பிறகு யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு ஒரு வியாழக்கிழமை, ஒன்பதரை மணி இருக்கும், அவர் பிள்ளைக்காம்பராவுக்குள் வந்தார். பிளாஸ்டர் மூன்று இடத்தில் கிழிந்துவிட்டது, பிள்ளைகளை எதிர் மேட்டில் இருக்கும் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இப்போதே என்றார். என்னிடம் அன்று பதினொரு பிள்ளைகள். தாயின் கையில் தவிர வேறு யார் கையிலும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்பது பிள்ளைக்காம்பராவின் முதல் சட்டம். பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள், அதுவரைக்கும் இருங்கள் என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. தொட்டிலில் கிடந்த இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார். மற்ற ஒன்பது பேரையும் தூக்கியும் இழுத்தும் நானும் எனக்கு உதவியாக இருந்த ஆயாவும் பின்னால் ஓடினோம். வழுக்கும் படிகளில் ஏறும்போது அவரை என்னவெல்லாம் திட்டினேன் என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவேயில்லை. பத்து மணிக்குத் தாய்மார் வந்தார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. சேலைத் தொட்டில்கள் வெறுமையாகத் தொங்கின. சொல்வதற்கு ஒரு ஆளைக்கூட நாங்கள் விட்டுவிட்டு வரவில்லை. அந்தப் பெண்கள் போட்ட கூச்சல் மண்டபம்வரைக்கும் கேட்டது. பிள்ளைக்காம்பரா மண்ணோடு போய்விட்டது என்று மலைக்கு மலை சேதி பரவி, கூடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். ஓடிவந்ததில் ஒருத்தி தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளுடைய பிள்ளைதான் டாக்டரையாவின் இடது கையில் இருந்தது. அவள் வலியோடு வந்து, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, "ஒங்க பைத்தியத்துக்கு எம்புள்ளயா கெடச்சிச்சு?" என்று கேட்டாள். அவர் அவளுடைய கைக்குக் கட்டுப் போட உட்கார்ந்தார்.

மலை சரியவில்லை. அடுத்த நாள் வெயில் அடித்தது.

விசாரணை வைத்தார்கள். பாதி நாள் கொழுந்து போனதில் தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கோபம், அரை நாள் சம்பளமாக அரைப் பேர்தான் விழுந்தது என்று ஆட்களுக்குக் கோபம். மருந்துக்கூடத்தைச் சோதனை போட்டபோது அலமாரியிலிருந்து பட்டாளம் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வேறு காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. பொம்மை வைத்து விளையாடுகிற ஆள் சொன்னான் என்று பிள்ளைகளை மழையில் நனைத்தார்களாம் என்று சிரித்தார்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் வேணாம்னுதான் சேர் சொன்னேன். டாக்டரையாதான் தூக்கிட்டுப் போனாங்க" என்றேன். எழுதிக் கொடுத்ததில் கையெழுத்தும் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவரைப் பசறைப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். போகிற அன்று இந்தப் பலகையை என் மேசையில் வைத்துவிட்டு, "ஹுஸ்ஸார் எல்லாம் பெட்டிக்குள்ள போயிட்டாங்க டீச்சர், இவங்க மட்டும்தான் மிச்சம்" என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும். அவருடைய நம்பர் என் தொலைபேசியில் இருக்கிறது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் வாழ்த்து எழுதுவேன். அனுப்பாமல் அழித்துவிடுவேன்.

அன்று முதல் மழை பெய்தால் எனக்கு உட்கார முடிவதில்லை. பிளாஸ்டர் ஒட்டுவது இப்போது என் வேலை. வேலை நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை பின்சுவரைப் போய்ப் பார்க்கிறேன். ஆயா என்னைப் பார்த்து வாய்க்குள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

போன கார்த்திகையில் பிளாஸ்டர் மறுபடி கிழிந்தது. இந்த முறை முதலில் ஆயாவை மலைக்கு அனுப்பிக் கங்காணியிடம் சேதி சொல்லவைத்தேன். தாய்மார் வந்தால் சொல்வதற்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிழவரை நிறுத்தினேன், வாசலில் ஒரு பெரிய பெண்ணை நிறுத்தினேன். ஆயா திரும்பிய பிறகுதான் அவளையும் சேர்த்துக்கொண்டு ஒன்பது பிள்ளைகளோடு மண்டபத்துக்கு ஏறினேன். யாரும் அலறவில்லை, யாரும் விழவில்லை. தாய்மார் முணுமுணுத்துக்கொண்டே மண்டபத்துக்கு வந்து பால் கொடுத்தார்கள். மலை இந்த முறையும் சரியவில்லை.

மறுநாள் ஆபிசுக்கு வரச்சொன்னார்கள். துரை புதியவர், வயதில் என்னைவிடச் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

"யாரு சொல்லி டீச்சர் பிள்ளைகளக் கொண்டு போனீங்க?"

"யாரும் சொல்லல சேர். நானாத்தான் போனேன்."

அவர் ஒரு பழைய ஃபைலைப் புரட்டினார். "முந்தியும் இப்படி ஒண்ணு நடந்திருக்கே. அது அந்த டிஸ்பென்சர் செஞ்ச வேலைன்னு இதுல இருக்கு. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

என் கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தேன். பிள்ளைக்காம்பராவின் கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள், பிள்ளைகள் எட்டாத உயரத்தில். அன்றைக்கு டாக்டரையாவுக்கு இரண்டு கையிலும் பிள்ளைகள். கதவருகே வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். எனக்கும் பயமாக இருந்தது. நானும் போகத்தான் நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்தத் தடவையும் நான்தான் சேர். அவரு பிள்ளைகளத் தூக்கினாரு. கதவத் தொறந்தது நான். அதையும் எழுதிக்குங்க."

"அது பழைய விசயம் டீச்சர். அது இப்ப எதுக்கு?" என்றார் துரை.

அவர் எழுதவில்லை. ஃபைலை என் பக்கம் திருப்பி, மேசையில் கிடந்த பேனாவை எடுத்தேன். என் பழைய கையெழுத்துக்குக் கீழே நாலு வரி எழுத இடம் இருந்தது.