குளிர்கோட்டுடன் ஒரு கிரிவலம்

இந்த ஜூன் மாதம் சாமி கும்பிடத் திருவண்ணாமலைக்குப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. என் மனைவி சுமதியைக் கனடாவுக்கு அழைக்கப் போனேன். இரண்டு வருடமாக அங்கே ஒரு சிற்றூரில் நான் வெல்டர். அவள் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் தன் அம்மா வீட்டில் இருந்து ஜாக்கெட் தைக்கிறாள்.

அந்தக் கனடா ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பெருநகரத்துக்குப் போய்விட, டிரெய்லர் செய்யும் தொழிற்சாலைக்கு ஆள் இல்லை. சென்னைக்கே வந்து ஆள் எடுத்தார்கள். நாங்கள் நான்கு பேர் போய் இறங்கியபோது விமான நிலையத்துக்கு மேயரே வந்திருந்தார், ஏதோ மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. இப்போது புதுச் சலுகை: குடும்பத்தோடு வந்தால் ஒரு வருடம் வீட்டு வாடகை கிடையாது, நிரந்தரமாகத் தங்க ஊரே சிபாரிசு செய்யும். தனி ஆள் ஒருநாள் பெட்டியைக் கட்டிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சுமதிக்கென்று ஒரு குளிர்கோட்டையும் மேயரின் மனைவி கொடுத்தனுப்பினார்.

கோயம்பேட்டில் காலை ஆறு மணிக்குப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய ஐந்து மணி நேரம், நூற்று அறுபத்தைந்து ரூபாய். கோட்டு பையில் அடங்காமல் என் மடியில்தான் வந்தது. நடத்துநர் அதைப் பார்த்த பார்வையில் எனக்கே வியர்த்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மலை தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய்.

"வெளிநாட்டுலயா இருக்கீங்க? என்ன வேலைங்க?" என்றார் ஓட்டுநர்.

"வெல்டிங்."

"அட, ஆசிரமம் பக்கம் வீடா கட்டிட்டே இருக்காங்க. கேட்டு, கிரில்லு அடிக்க ஆள் கம்மி. ஜாஸ்தி கூலி குடுத்து வெளியூர்ல இருந்து கூட்டினு வராங்க. நீங்க இன்னாடான்னா அங்க போய்ட்டீங்க."

அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் செருப்பில்லாமல் நானும் சுமதியும் கிரிவலம் கிளம்பினோம். பதினான்கு கிலோமீட்டர். கனடாவுக்கு வருகிறாளா இல்லையா என்று சுற்றி முடிப்பதற்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். திருவண்ணாமலை ஊருக்குள் நுழைந்து, கோயில் கோபுரத்தைக் கும்பிட்டு, செங்கம் சாலைக்கு வரும்வரை ஜாக்கெட் தையல் கதைதான் பேசினாள். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் டீ குடித்தோம். எதிரே கேட் இல்லாமல் ஒரு புது வீடு நின்றது.

"இங்கயே வேலை நிறைய இருக்குதாம்" என்றேன், சும்மா சொல்வதுபோல.

அவள் டீயை ஊதிக்கொண்டே, "உங்க ஊர்ல மலை இருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல. நாலு பக்கமும் வயலுதான்."

பிறகு நடந்துகொண்டே, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். பனிக்காலத்தில் தெருவில் வழித்த பனியையெல்லாம் லாரியில் கொண்டுபோய் மைதானத்தில் கொட்டுவார்கள். பனைமர உயரத்துக்குக் குவிந்துவிடும். பௌர்ணமி வந்தால் நாங்கள் நான்கு பேரும் அதைச் சுற்றி வருவோம்.

சுமதி சிரித்துச் சிரித்துச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். "செருப்பு இல்லாமயா?"

"பூட்ஸோடதான்."

"வெயில் காலத்துல?"

"உருகிடும். வெறும் மைதானம்தான்."

"அப்ப பனி இருக்கச்சயே வந்துடறேன். வெறும் தரையச் சுத்த வெக்காதீங்க."

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் மனசு சப்பென்று ஆகிவிட்டது. முடியாது என்று சொல்லி அவள் என்னை இங்கேயே பிடித்து வைத்துக்கொள்வாள் என்றுதான் அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறேன். அந்த நிமிடம்தான் அது எனக்கே புரிந்தது.

"மலைய விட்டுட்டு வருவியா?" என்றேன்.

"ரெண்டு வருஷமா மலை இங்கயேதான் இருக்குது. நீங்கதான் இல்ல."

கையைப் பிடித்து அவளை எழுப்பிவிட்டேன், மேலே நடந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியன்று கூட்டத்தில் ஒரு வார்த்தை பேச முடியாது, சாதாரண நாளில் போங்கள். நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நாங்கள் வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிட்டது, கடைசி இரண்டு கிலோமீட்டர் தார் சுட்டதில் பாதம் கொப்பளித்துவிட்டது. சாலையின் இடது ஓரமாகவே நடப்பது வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி கோட்டைப் போட்டுப் பார்த்தாள். வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் கழற்றவில்லை. "சரியா இருக்குதா, பாருங்க" என்றாள். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப சரியா இருக்குது" என்றேன்.