விரல் மையும் எங்கள் தெருக் குழாயும்

நீலம் கலந்த ஈரச் சுண்ணாம்பின் வாடை மூக்கில் ஏறினாலே சின்ன வயதில் எனக்குத் தெரிந்துவிடும். தேர்தல் வந்துவிட்டது, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுச் சுவரை அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு கட்சிச் சின்னம் வரையப்போகிறார்கள், அதோடு வீடும் இரண்டாகிவிடுமோ என்று பயந்து கிடப்பேன்.

அந்த முறை பஞ்சாயத்துத் தேர்தல். அப்பாவும் சித்தப்பாவும் ஆதரித்த வேட்பாளர்கள் இருவருமே எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓட்டுப்போடும் நாளில் பௌர்ணமி வந்து சேர்ந்தது. கிரிவலப் பாதையிலிருந்த எங்கள் டீக்கடையில் கூட்டம் ஜாஸ்தி. சித்தப்பாதான் யோசனை சொன்னார்: "அண்ணா, நீ ஒண்ணு போடுவ, நான் எதிர்த்து ஒண்ணு போடுவேன், ரெண்டும் கழிஞ்சிடும். எதுக்கு வெயில்ல நிக்கணும், கடையப் பாப்போம்." அப்பாவுக்கும் அது சரியாகப் பட்டது. அம்மா, சித்தி ஓட்டும் அந்தக் கணக்கிலேயே போனது. எதிரெதிர்க் கட்சியில் இருந்த மாமன் மச்சான்களும் பங்காளிகளும் இதையே பிடித்துக்கொண்டு, ஜோடி ஜோடியாகக் கையடித்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மூன்றாவதாக நின்ற மணல் லாரிக்காரரின் ஆட்கள் மட்டும் ஒருவர் விடாமல் போய்ப் போட்டார்கள்.

அவர்தான் ஜெயித்தார். குழாய், அவர் சொந்தக்காரர்கள் இருந்த தெருவோடு நின்றது. அம்மாவும் சித்தியும் ஏரிக்கரைக் கிணற்றுக்குக் குடம் தூக்கினார்கள். ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு நானும் கூடவே தூக்கினேன்.

அடுத்த தேர்தலன்று சமையல் முடிந்தும் அம்மா சோறு போடவில்லை. சாப்பிட உட்கார்ந்த இருவரிடமும், "யாருக்கு வேணா போடுங்க, நான் கேக்க மாட்டேன். வெரல்ல மை இருந்தாதான் சோறு" என்றாள். சித்தி தன் விரலைக் காட்டி, "எங்களுது காலைலயே ஆச்சு" என்றாள். அண்ணனும் தம்பியும் முணுமுணுத்துக்கொண்டே ஒரே சைக்கிளில் போனார்கள். லாரிக்காரர் தோற்றார். வந்தவர் எந்தக் கட்சி என்பது மறந்துவிட்டது, குழாய் வந்தது மறக்கவில்லை.

இப்போது சுவரில் சின்னமும் இல்லை, சுண்ணாம்பு வாடையும் இல்லை. சண்டையெல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. வேங்கிக்காலில் குடியிருக்கும் என் மகன் கட்சிக்காக அதில் ராப்பகலாக மல்லுக்கு நிற்கிறான். போன தேர்தலில் லீவு நாளென்று தூங்கிவிட்டு, "நான் ஒருத்தன் போடலன்னா என்னம்மா" என்றான். அவன் ஓட்டு இன்னும் எங்கள் ஊரில்தான். நானோ, பட்டியலில் பேர் விட்டுப்போயிருக்குமோ என்ற பயத்தில் விடியும்போதே போய் நிற்பவள். நான் உட்காராமல் போன எட்டாம் வகுப்பு அறைதான் எங்களுக்கு ஓட்டுச்சாவடி. அடுத்த தேர்தலன்று அவனைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். அந்த அறைக்குள் போய்வந்த விரலைப் பார்க்கும்வரை கரண்டி என் கையிலேயே இருக்கும்.