செருப்பில் குறைந்த முள்

தங்கை நகப்பாலிஷ் மூடியைத் திறந்தாள். அந்த வாசனையில், ஏரி வற்றிய கோடை ஒன்று என் வேங்கிக்கால் வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஏரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அப்பா வீட்டில் உட்கார்ந்து தூண்டில் முள் கட்டுவார். மீனை ஏமாற்ற முள்ளில் சேவல் இறகை வைத்து நைலான் நரம்பால் இறுக்கி, முடிச்சு அவிழாமலிருக்க அம்மாவின் நகப்பாலிஷைத் தடவுவார். கட்டிய முட்களைப் பழைய ரப்பர் செருப்பில் வரிசையாகக் குத்தி வைப்பார். அந்தக் கோடையில் ஒருநாள் வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது.

"யாரும் அசையாதீங்க!" என்றார்.

தங்கை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அகப்பட்டதையெல்லாம் வாயில் போடும் வயது. அப்பா பாய்ந்துபோய் அவளை அள்ளித் தோளில் சாய்க்கப் போனார்.

"யோவ், புள்ளய கீழ விடுய்யா!"

அம்மா அப்பாவை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா உறைந்து நின்றார். முள் அவருடைய தோள் துண்டில், குழந்தையின் கன்னத்துக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு இது எதுவும் நினைவில்லை. அவளுடைய குழந்தை இப்போது என் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தது. விரல்களை ஊதியபடி, "நகம் இன்னும் காயல. பாப்பாவ கொஞ்சம் தூக்குண்ணா" என்றாள்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டுத்தான் குனிந்தேன்.