சுருட்டுப் புகை என்று சொன்னீர்கள்

நீங்கள் பொய் சொன்னீர்கள். படக் கொட்டகைக்குள் உங்கள் கண்ணிலிருந்து வழிந்த தண்ணீருக்குச் சுருட்டுப் புகைதான் காரணம் என்று சொன்னீர்கள். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் சுருட்டோடு திரிகிற மனிதரின் கண்ணைச் சுருட்டுப் புகை எரிக்குமா? அன்றும் நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

இது என் கணவருக்குச் சொல்வது. மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கண்டாவளைப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு வயல். அங்கே முதலில் வந்தவள் நான் அல்ல, என் அக்கா. காணி கொடுக்கிறார்கள் என்று யாழ்ப்பாணத்திலிருந்து இவரோடு வந்து, காடு வெட்டி, கொட்டில் போட்டு, ஒரு பெண் பிள்ளையையும் பெற்றாள். இரண்டாவது மாரியில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. ரோட்டை வெள்ளம் மூடியதால் மாட்டுவண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அவள் செத்துப்போனாள். நானும் தலையில் அடித்து அழுதேன். அவள் என் கூடப்பிறந்தவள், அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

பிள்ளையைப் பார்க்க அம்மா என்னைக் கூட்டிவந்து விட்டார். சில மாதம் போனது. "வெளியில ஒருத்தியைக் கட்டினால் அவள் பிள்ளையைக் கரைச்சல்படுத்துவாள். நீயே சோத்தைக் குடு" என்றார். எங்கள் பக்கத்தில் சோறு கொடுப்பது என்றால் அதுவும் ஒரு கலியாணம். ஐயர் வேண்டாம், மேளம் வேண்டாம், கூறைச் சேலை வேண்டாம். பெண் சோறு பரிமாற வேண்டும், ஆண் அதைச் சாப்பிட வேண்டும், இரண்டு பெரியவர்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பரிமாறினேன். இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். அத்தானாக இருந்தவர் புருசன் ஆகிவிட்டார். அக்காவின் கலியாணத்துக்கு இரண்டு கூட்டு மேளம் அடித்தது. எனக்கு ஒரு இலைச் சோறு.

வீட்டில் எல்லாம் அவளுடையது. சுவரில் அவளும் இவரும் ஸ்ரூடியோவில் எடுத்த படம். வாசலில் அவள் வைத்த தேசி மரம், அதாவது எலுமிச்சை. அதற்கு இவர் தன் கையால்தான் தண்ணீர் ஊற்றுவார். நான் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தால், "கொக்கா வைச்ச சொதி ஒருநாளும் திரையிறேல்லை" என்று அக்காவை இழுப்பார். கோபமாகச் சொல்லமாட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். பிள்ளை என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடும். அதைத் திருத்த ஒருவரும் நினைக்கவில்லை. அக்காவுக்கு வயது ஏறுவதில்லை, அவள் சமைப்பது கருகுவதில்லை, அவளுக்கு வாய் இல்லை. எனக்கு எல்லாம் இருக்கிறது.

அப்படியிருக்கக் கிளிநொச்சியில் ஓலைக் கொட்டகை ஒன்றில் படம் வந்தது. குடும்பப் படம், பெண்டுகள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கதை பரவியது. எங்கள் வாய்க்காலோரம் இருக்கிற வீட்டுக்காரர் எல்லோரும் ஒரு உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஏறிப் பகல் காட்சிக்குப் போனோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு தட்டி. பிள்ளை என் மடியில். பக்கத்தில் எதிர்வளவு மாமி.

கதை இதுதான். ஒருவனுடைய மனைவி ஆற்று வெள்ளத்தில் போய்விடுகிறாள். அவன் பித்துப் பிடித்தவன்போல் ஆகிறான். கைக்குழந்தைக்காக இன்னொருத்தி அந்த வீட்டுக்கு வருகிறாள், வீட்டை நிமிர்த்துகிறாள், அவனையும் மனிதனாக்குகிறாள்.

மாமி என் தொடையில் தட்டி, "எடி பிள்ளை, உன்ர கதையைத்தான் எடுத்திருக்கிறாங்கள். காசு கேளன்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சொல்லப்போனால் சந்தோசமாகவும் இருந்தது. இவரும் பார்க்கட்டும், ஒருத்தி என்னென்ன செய்கிறாள் என்று தெரியட்டும் என்று நினைத்தேன்.

பிறகு அந்த முதல் மனைவி வந்துவிட்டாள். சாகவில்லையாம். எங்கோ கரையொதுங்கிப் பிழைத்திருந்தாளாம். வாசலில் வந்து நின்றாள், அவன் ஓடினான். அந்த இடத்தில் றீல் முடிந்தது. படம் ஓட்டுகிற மெசின் ஒன்றுதான் என்பதால் அடுத்த றீல் மாட்டும்வரை வெளிச்சம் போடுவார்கள். போட்டார்கள். தட்டிக்கு அங்கால் பார்த்தேன். இவருடைய கன்னம் இரண்டும் நனைந்து கிடந்தது. வாய் பிளந்திருந்தது. படத்தில் அவள் வெள்ளத்தில் போனபோது அழாத மனிதர், அவள் திரும்பி வந்தபோது அழுகிறார். செத்த வீட்டில்கூட அந்த முகத்தை நான் காணவில்லை.

வெளிச்சம் அணைந்தது. இரண்டாவது பெண் வெள்ளைச் சேலை கட்டி, சின்னப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள். பிரிந்தவர்கள் சேரட்டுமாம். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று வைத்திருந்தார்கள், போவதற்கு வசதியாக. எனக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம்.

"அந்தச் சின்னம்மா எங்க போறா?" என்று பிள்ளை கேட்டது.

"தெரியாது. வாயை மூடிக்கொண்டு பார்" என்றேன்.

கொட்டகை முழுவதும் கை தட்டியது. மாமியும் தட்டினார்.

திரும்பி வரும்போது உழவு மெசின் ஓட்டியவர், "என்ன அண்ணை, கண் ரெண்டும் கோவைப்பழம் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். "உள்ளுக்குச் சுருட்டுப் புகை" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து விளக்குக் கொளுத்திச் சோறு பரிமாறினேன். பசியில்லை என்று போய்ப் படுத்துவிட்டார். சோறு கொடுத்துக் கட்டியவளின் சோறு அப்படியே கிடந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் விழுங்கியிருப்பேன். அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் இருந்து படத்தைப்பற்றிக் கதைத்திருக்கிறார்கள். இரண்டாவது பெண்ணை அனுப்பியது பாவம் என்று யாரோ சொல்ல, இவர் வாய் திறந்திருக்கிறார். மாமி கிணற்றடியில் வைத்துச் சொன்னார்.

"உன்ர மனுசன் சொன்னவராம், அவள் வெளிக்கிட்டதுதான் முறையெண்டு. இடையில வந்தவள் வந்தவள்தானே எண்டவராம்."

"ஆர் ஆர் இருந்தவை?"

"ஊரே இருந்ததாம். நீ ஏன் முகத்தை அப்பிடி வைச்சிருக்கிறாய்? அவர் படத்தையெல்லோ சொன்னவர்."

இன்னொரு கிழமை போனது. அது சிறுபோகம், கோடை வேளாண்மை. குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் முறை ஒரு பின்னேரம். தவறினால் பயிர் காயும். "மடை திறக்கப் போறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வயல்காரர் வாசல் படலையில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அண்ணை எங்க? உங்கட மடை பூட்டினபடி கிடக்கு. தண்ணி எல்லாம் கீழ போகுது."

"வயலுக்கெல்லோ வந்தவர்."

"இல்லை. சைக்கிளில கிளிநொச்சிப் பக்கம் போனதைக் கண்டனான்."

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். அந்த வயிற்றோடு சேற்றில் நின்று மடையை வெட்டி, வரம்பைக் கட்டி, தண்ணீர் பாய்ச்சினேன். இவர் அன்று வேறொருத்தி திரும்பி வருவதைப் பார்க்கக் கொட்டகையில் இருந்தார். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அக்கா திரும்பி வந்தால் என்ன செய்வியள்?"

"விசர்க்கதை கதையாதை. செத்தவை திரும்பி வாறதே?"

"படத்தில வந்தாவே."

"அது படம்."

"படமெண்டால் ஏன் ரெண்டாந்தரம் போனனீங்கள்?"

ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மாட்டடிக்குப் போய்விட்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அன்று வயிற்றில் இருந்தவன் இப்போது வரம்பில் ஓடித் திரிகிறான். அக்கா திரும்பி வந்தால் என்று நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. தேசி மரம் காய்க்கிறது. சுவரில் படம் தொங்குகிறது. என்னோடு ஒரு படம் எடுக்க வாருங்கள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். "இப்ப என்னத்துக்கு" என்பதே பதில்.

போன கிழமை நீங்கள் கிளிநொச்சியிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், "அந்தப் படம் திரும்ப வந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போவம்" என்றீர்கள். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். சரி, வருகிறேன். அதே ஆட்கள்தான் வருவார்கள். தேத்தண்ணிக் கடையில் நீங்கள் சொன்னதைக் கேட்டவர்களும் வருவார்கள். என்னை வந்தவள் என்று ஊருக்கு முன்னால் சொன்னீர்கள், ஆகவே பதிலையும் ஊருக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். மாட்டடியில் வைத்து முணுமுணுக்கிற பதில் எனக்கு வேண்டாம்.

அவள் வாசலில் வந்து நிற்கிற இடத்தில் றீல் முடியும். வெளிச்சம் போடுவார்கள். அந்த வெளிச்சத்தில் எழும்பி நில்லுங்கள். கண்ணைத் துடைக்காமல், பெண்கள் பக்கத்துக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: என் அக்கா இப்போது அந்தப் படலையைத் திறந்து வந்தால் நான் பெட்டியைத் தூக்க வேண்டுமா, இருக்க வேண்டுமா?