இரண்டு வால்வுக்கும் பொருந்தும் பம்ப்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவரை எல்லாரும் 'பவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர் போட்டிருக்கும் கண்ணாடியைப் பார்த்தே அதன் பவரை ஏறக்குறையச் சொல்லிவிடுவார். அதனால் வந்த பெயர். "கடையிலதான் இவரு பவரு, வீட்டுல மெயின் சுவிட்ச் நான்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் மழைக்காலத் தொடக்கத்தில் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

பவருக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்தான் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார். எல்லாரும் கிளம்பியதும் வேலைக்குப் போனார். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் போல, கிள்ளினாலும் உறைக்காத ஒரு மரப்பு உள்ளே பரவியிருந்தது. அதையும் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது, பழைய கைப்பம்பின் பிடி கையோடு வந்துவிட்டது. விடுமுறையன்று எட்டிப்பார்க்க வந்த மைத்துனன், அவரை விடாப்பிடியாகச் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனான். அக்கா போனதிலிருந்து மாமாவை எதற்காவது வெளியே இழுத்துவரக் காரணம் தேடிக்கொண்டிருந்தவன் அவன்.

கடைக்காரம்மா, நின்றுகொண்டே அடிக்கிற பம்ப்களை வரிசையாக எடுத்து வைத்தார்.

"இது பார்க்க பளபளன்னு இருக்கும்ணே. ஆனா அடிப்பாகம் பிளாஸ்டிக். நாலு தடவை ஏறி மிதிச்சா பல்லை இளிச்சுடும். இது இரும்பு, ரெண்டு காலையும் வெச்சு நில்லுங்க, ஆடாது. மீட்டரும் பெருசு. உள்ள வாஷர் தேஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம்."

பவர் ஏறி நின்றார். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மறுகையால் பிடியை அழுத்தினார். காற்று எங்கும் கசியவில்லை; பிடி கையை எதிர்த்துத் தள்ளியது.

"உங்க வால்வு எது? தடியா, ஒல்லியா?"

"தடிதாங்க" என்றான் மைத்துனன்.

"ரெண்டும்" என்றார் பவர்.

ஒல்லி வால்வு மனைவியின் சைக்கிளுக்கு. மெல்லிய டயர் போட்ட, இவருடையதைவிட வேகமான வண்டி. மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, அக்கா வண்டியை யாருக்காவது குடுத்துடலாம்னு பேசினோமே."

"பேசினோம்."

"அப்புறம்?"

பவர் கடைக்காரம்மாவைப் பார்த்து, "ரெண்டுக்கும் பொருந்துறதா குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தன் வண்டிக்கு அடித்தார். பிறகு அவளுடையதற்கு அடித்தார். சப்பையாகக் கிடந்த பின் டயர் கல் மாதிரி ஆனது. மறுநாள் பார்த்தால் மறுபடி சப்பை. ஓட்டை இருக்கிறதென்று புரிந்தது. அன்றும் அடித்தார். அதற்கு மறுநாளும். அது வழக்கமாகிவிட்டது: பல் தேய்ப்பார், காற்றடிப்பார், வேலைக்குக் கிளம்புவார்.

கீழ்வீட்டு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டெய்லி காத்தடிக்கிறீங்க, வண்டி எங்கயும் போற மாதிரி தெரியலையே?"

"ஓட்டை இருக்குங்க."

"ஒட்டிடலாமே?"

"ஒட்டலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தார். அவர் அழுத்தினால் பம்பின் மீட்டரில் முள் ஏறியது. வேறு எதைத் தொட்டாலும் ஒன்றும் அசையாத அந்த நாட்களில், அது அவருக்குப் போதுமாக இருந்தது.

கீழ்வீட்டு அம்மா சொல்லித்தானோ என்னவோ, அடுத்த விடுமுறைக்கு மைத்துனன் ஒட்டுப் போடும் சாமானோடு வந்தான். கேட்கவெல்லாம் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, வாளித் தண்ணீரில் முக்கினான். ஓர் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

"இங்க விரலை வைங்க மாமா. எடுத்துடாதீங்க."

பவர் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சில்லென்றிருந்தது. மைத்துனன் துடைத்து, தேய்த்து, பசை தடவிக்கொண்டே, "அக்கா இருந்தா ரெண்டு பேரையும் நல்லா திட்டியிருப்பா" என்றான். அவன் குரல் உடைந்தது. பவர் ஈரக்கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை டயரை அமுக்கிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. அதற்கடுத்த நாளும். பம்பை எடுத்து வந்தவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, அந்த வண்டியையே வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஏறி, வேலைக்குப் போனார். சீட் அவள் உயரத்துக்கு இருந்தது. முழங்கால் இரண்டும் மார்பை இடிக்க, தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, கடை வாசலில் போய் இறங்கினார்.

கடையில் பில் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன சார், சர்க்கஸ்ல சேந்துட்டீங்களா?"

பவரின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்பு என்றே சொல்லலாம்.

மத்தியானம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் கேட்டு வாங்கினார். சீட்டின் நட்டைத் தளர்த்தி மேலே இழுத்தார். இத்தனை நாள் உள்ளே மறைந்திருந்த குழாய், வெயில் படாமல் புதிதாகப் பளபளத்தது. தன் இடுப்புக்கு அளவு பார்த்து முறுக்கினார். இப்போதாவது அழுகை வருமென்று கொஞ்சம் காத்திருந்தார். வரவில்லை. நன்றாகப் பசித்தது. ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்.